கழிவு போக

வெங்கிடாசலத்தின் வயிற்றைப் பற்றி எழுதுவதென்றால் அதற்கே தனியாக ஒரு நோட்டு வேண்டும். அவர் என் தங்கை சுபாஷிணியின் கணவர். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் இருபத்தாறு வருஷமாக மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். கிடங்குக்கு வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்துக்கு ஆட்டோ கூப்பிடுகிற மனிதர் என்று சொன்னால் மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் போர்ட் கொச்சி கடற்கரை வரை நடை, திரும்பி வந்து சர்க்கரை போடாத சாயா, இரண்டு இட்லி. மூன்றாவது இட்லியை ஆயுசில் தொட்டதில்லை. ஐம்பத்தெட்டு கிலோ. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இன்றும் எனக்குச் சேரும். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சுபாஷிணிக்கு ஈரல் கெட்டுப்போனது போன வருஷம். குடித்துக் கெடவில்லை. அவள் உடம்பே அவள் ஈரலைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்தால் கொஞ்ச காலம் இழுக்கலாம், பிறகு யாராவது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் உண்டு. நான் அன்றைக்கே சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். டாக்டர் என் வயதைக் கேட்டார். அறுபத்தொன்று என்றேன். எடுக்க மாட்டோம் என்றுவிட்டார். இத்தனை வருஷம் எண்ணெய் படாமல் காப்பாற்றி வைத்த ஈரல் யாருக்கும் வேண்டாம். சுபாஷிணிக்குக் குழந்தைகள் இல்லை. இரத்த வகை சேர்ந்தது ஒரே ஒருவருக்குத்தான். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூற்றாறு கிலோ. ஸ்கேன் செய்து பார்த்தால் ஈரல் முழுக்கக் கொழுப்பு. மூன்று மாதத்தில் எண்பத்துநாலுக்கு வந்தால் கொழுப்பும் கரையும், அறுவை சிகிச்சை செய்யலாம், அதற்கு மேல் அவளால் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொன்னார்கள். என் தங்கையின் உயிர் ஒரு சாப்பாட்டு ராமனின் வாயில் போய் மாட்டிக்கொண்டது.

அங்கே உணவு ஆலோசனை சொல்ல ஷபானா என்று ஒரு பெண் இருக்கிறாள். மட்டாஞ்சேரிப் பெண்தான். தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள், நம் பேச்சே பேசுவாள். அவள் சொன்னாள், "சேட்டா, பிடிச்சது ஒண்ணையும் விட வேண்டாம். பட்டினி கிடந்தா பத்து நாள்ல மடுத்து அலுத்துப் போவும், பின்ன ரெண்டு மடங்கு தின்னுவீங்க. எல்லாம் சாப்பிடுங்க. பக்ஷே கொறச்சு, கொஞ்சமா. அத நல்லோணம் ரசிச்சுச் சாப்பிடுங்க."

இதில் நம் மாப்பிள்ளை காதில் விழுந்தது முதல் வரி மட்டும்தான். திரும்பி வந்து படகை விட்டு இறங்கினால், மட்டாஞ்சேரி படகுத்துறைக் கடையில் சூடாகப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வாங்கினார். நான் முறைத்தேன்.

"டாக்டர் சொன்னதுதானே மச்சான், பிடிச்சத விடப்படாதுன்னு," என்றார். அவள் டாக்டர் இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல? மத்தியானம் மரவள்ளிக் கப்பையும் மத்தி மீன் கறியும். நாலு மணிக்கு உளுந்து வடை. இரவு தோசைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு, அதுவும் தோசையைவிடக் குழம்பு அதிகமாக. ஆனால் அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை இறங்கிக்கொண்டே வந்தது. தொண்ணூற்றுநாலு. தொண்ணூற்றிரண்டரை. தொண்ணூற்றொன்று. சுபாஷிணி அந்தக் காலண்டரைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கிப்போன ஒருத்தி சிரித்தால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? நானும் நம்பினேன். மனிதன் தின்கிறபடி தின்று எடையும் குறைகிறான், பகவான் சிலருக்கு இப்படியும் கொடுப்பான் என்று எரிச்சலோடு நம்பினேன்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் சோதனை. நானும் அவரும் மட்டும் போனோம். காலண்டர்ப்படி அவர் எண்பத்தொன்பதரை. எடை மிஷினில் ஏறி நின்றார். தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு.

ஷபானா மிஷினைத் தட்டிப் பார்த்தாள். இறங்கி ஏறச் சொன்னாள். அதேதான்.

வெங்கிடாசலம் கொஞ்சமும் அசரவில்லை. "கழிவு போடலையே மோளே," என்றார்.

இதை விளக்க வேண்டும். பஜாரில் தராசு காட்டுவது எடை இல்லை. மிளகு மூட்டையைத் தராசில் வைத்தால் முதலில் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். பிறகு தூசிக்கும் காம்புக்கும் ஒரு கழிவு. மழைக்காலமானால் ஈரத்துக்கு ஒரு கழிவு. எல்லாம் போக மிஞ்சுவதுதான் சரக்கின் எடை. இருபத்தாறு வருஷம் இதையே செய்த மனிதர், ஞாயிறு தோறும் பூட்டிய கிடங்கைத் திறந்து, மூட்டைத் தராசில் தானே ஏறி நின்று, வேட்டி சட்டைக்கு ஒரு கிலோ, செருப்புக்கு அரை, காலையில் தின்ற புட்டுக்கும் கடலைக்கும் ஒன்று, ஜூன் ஜூலை மழை ஈரத்துக்கு மூன்று என்று கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஈரக் கழிவு வாரத்துக்கு வாரம் கூடியிருக்கிறது. மழை வலுத்ததாம்!

பொய் சொன்னார் என்றால்கூட மன்னித்திருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். இந்த மனிதர் அந்தக் கணக்கை மனசார நம்பிக்கொண்டிருந்தார். ஷபானா சிரிக்கவில்லை. "சேட்டா, இன்னும் ஆறு வாரந்தான் இருக்கு. சேச்சிக்கு அதுக்கப்புறம் டைம் இல்ல," என்று மட்டும் சொன்னாள். அவர் முகம் அப்போதுதான் கறுத்தது.

திரும்பி வரும் படகில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: "நீங்க மனுஷன் இல்ல மாப்பிள்ளை, சாக்கு. வாய் தெறந்த சாக்கு. அதுக்குள்ள என் தங்கச்சியையும் போட்டு மூடிட்டீங்க." எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். மட்டாஞ்சேரி வந்ததும் பழம்பொரிக் கடையைத் தாண்டிப் போனார், அந்த மட்டும் சரி.

மறுநாள் மத்தியானம் கீழே மத்திக் கறி வாசனை வந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இறங்கிப் போனேன்.

அடுக்களையில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு நிறையக் கப்பை, மேலே கறி. எதிரில் முக்காலியில் சுபாஷிணி. அவள் கையில் ஒரு கிண்ணம் கஞ்சி, உப்பில்லாதது. ஆறு மாதமாக அவளுக்கு உப்பு கிடையாது, புளி கிடையாது, மீன் கிடையாது. நான் வாசலில் நிற்பதை இருவரும் பார்க்கவில்லை.

"கொடம்புளி எறங்கிருக்கா?" என்று கேட்டாள்.

"எறங்கிருக்கு. நேத்தைவிடக் கொஞ்சம் தூக்கல்."

"எரிவு?"

"முதல்ல தெரியல. முழுங்கினப்புறம் தொண்டைல நிக்குது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி கஞ்சியை வாயில் விட்டுக்கொண்டாள். "செரி, இப்ப கப்பையோட சேர்த்து ஒரு வாய் எடுங்க," என்றாள். அவர் எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அவள் மேலேயே கத்தினேன். "நீயாடி அவருக்கு ஆக்கிப் போடற? உன் சாவை நீயே ஆக்கறியா?"

"அண்ணா, ஒச்சை வைக்காதீங்க, கத்தாதீங்க," என்றாள். "எனக்கு நாக்குன்னு ஒண்ணு இப்ப அவர்கிட்டதான் இருக்கு. அவர் தின்னு சொன்னாத்தான் இந்தக் கஞ்சி எறங்குது. இல்லேன்னா வாந்தி. அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவார். நான்தான் இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு கேப்பேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அங்கேயே நின்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால் இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தவிர, அவள் ஒரு வாய் கேட்டால் இவர் ஒரு வாயோடு நிறுத்தியிருக்கலாமே! உளுந்து வடையும் பழம்பொரியும் அவள் கேட்டதா?

சுபாஷிணிதான் அந்தத் தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "கிடங்குல ஒரு மூட்டை மொளகு வந்தா என்ன செய்வீங்க? குத்தூசி போட்டு நாலு மணி எடுத்துக் கடிச்சுப் பாப்பீங்க. எந்த மலை, மழை நனைஞ்சுதா, பழசா புதுசான்னு எல்லாம் சொல்லிடுவீங்க. மூட்டையையா தின்னறீங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் கிடங்கிலிருந்து வரும்போது கையில் ஒரு சின்னத் தராசு இருந்தது. மாதிரி மிளகை கிராம் கணக்கில் நிறுப்பது. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாராம். நடந்தே வந்திருந்தார், சட்டை முழுக்க வியர்வை. நான் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, இது எத்தனை நாளைக்கு என்று எண்ணிக்கொண்டேன். மூன்று நாள் என்று மனசில் போட்டேன்.

மறுநாளிலிருந்து அடுக்களையில் நடந்தது ஒரு கூத்து. எல்லாம் பழையபடிதான் சமைத்தார்கள், ஒன்றையும் விடவில்லை. மத்தி ஒன்றே ஒன்று. கப்பை எழுபது கிராம், தராசில் வைத்து, கழிவு போடாமல். மற்றபடி ஷபானா சொன்ன பயறும் கீரையும். ஆனால் அந்த ஒரு மீனைத் தின்ன நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். நகக்கண் அளவு பிட்டு வாயில் போடுவார், கண்ணை மூடுவார், பிறகு பேசுவார். தோல் எப்படி, முள் பக்கத்துச் சதை எப்படி, குழம்பு எந்தச் சட்டியில் வைத்தது, மிளகாய் எந்தக் கடை. இவ்வளவு விஷயம் ஒரு மத்தியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. முன்னால் ஆறு மத்தியைத் தின்றுவிட்டு "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்கிற ஆள். சுபாஷிணி இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

நாலாவது நாளும் தராசு இருந்தது. பத்தாவது நாளும் இருந்தது. உளுந்து வடையில் கால் பாகத்தை நிறுத்து அதைப் பற்றி அவர் சொற்பொழிவு ஆற்றுவதை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டு நான் என் இரண்டு இட்லியைத் தின்றேன். அந்த இட்லிக்கு ருசி உண்டா என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷமாகத் தின்கிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் எனக்கு அவர் மேல்தான் எரிச்சல் வந்தது.

காலண்டரில் அவர் அப்புறம் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, பழையபடி மழை ஈரம் என்று ஏதாவது சொன்னால் எனக்குத் தாங்காது. வேட்டியை மட்டும் பார்த்தேன். இடுப்பில் இன்னொரு சுற்று வந்தது. இது வேட்டியைக் கட்டுகிற விதத்தாலும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டாவது வாரம் சுபாஷிணி ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வெளியே கொட்டுகிற மழை. வெங்கிடாசலம் நனைந்துபோய் வந்தார். ஷபானா எழுத நோட்டோடு நின்றாள். நர்ஸ் எடை மிஷினைக் காட்டி, செருப்பைக் கழற்றச் சொன்னாள். பாக்கெட்டில் இருக்கிற போனையும் சாவியையும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

"வேண்டாம்," என்றார்.

"அதெல்லாம் எடை காட்டும் சேட்டா."

"காட்டட்டும். ஈரச் சட்டையும் கிடக்கட்டும். கழிவு ஒண்ணும் வேண்டாம் மோளே, மிஷின் சொல்றத அப்படியே எழுது."

ஏறினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எண்கள் ஆடி ஆடி நின்றன. எண்பத்துமூன்று புள்ளி ஏழு. ஷபானா எழுதாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கவில்லை. "எழுதிட்டியா? எழுதிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு அழுவதைப் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. நானும் அழுதேன்.

ஸ்கேனிலும் கொழுப்பு கரைந்திருந்தது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. சுபாஷிணிக்கு அளவாக உப்பு உண்டு, மத்தியும் உண்டு. இரண்டு தட்டு, நடுவில் அந்தச் சின்னத் தராசு. கிடங்கில் திருப்பிக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் இன்னும் வாய் ஓயாமல் ருசி பேசுகிறார். அவள், தானே தின்று தெரிந்துகொள்ளலாம் என்ற நிலை வந்த பிறகும், அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். கேட்க எனக்குச் சகிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடை என்ன என்றேன். எண்பத்தைந்து என்றார். ஏறியிருக்கிறதே என்று கடிந்துகொண்டேன்.

"ஒரு கழிவும் போடாம சொன்னேன் மச்சான்," என்றார்.

அறுவை சிகிச்சையில் அவர் வயிற்றிலிருந்து எடுத்த ஈரல் அறுநூற்றெண்பது கிராம். அது இதற்குள் திரும்ப வளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். அந்த அறுநூற்றெண்பது கிராமை மட்டும், அவரைக் கேட்காமல், அவர் சொன்ன எண்பத்தைந்திலிருந்து நான் மனசில் கழித்துக்கொண்டேன்.