வாழை இலையில் கட்டிய கார்

பிள்ளைகளா, கார் துடைக்கும்போது துணியை உதறாமல் தேய்த்தால் அம்மா ஏன் அடுப்படியிலிருந்தே கத்துகிறாள் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். "அம்மாவுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று பெரியவன் போன வாரம் கேட்டான். என்ன தெரியும் என்பதை உங்கள் அப்பா நான் எழுதி வைக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. கிள்ளானில் ஒரு கார் பட்டறைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில் நானும் உங்கள் அம்மாவும் குடியிருந்தோம். வீட்டைச் சுற்றி மரவள்ளியும் வாழையும்தான். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. நான் பட்டறைக்கு லோரி ஓட்டினேன். பெட்ரோல் கிடைக்காததால் லோரியின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பை மாட்டி, கரியை மூட்டி, அந்தப் புகையில்தான் எஞ்சினை ஓட்டுவோம். மேடு ஏறும்போது அடுப்பு இருமும், பொறி பறக்கும்.

ஜப்பான் அதிகாரி ஒருவரின் பெரிய கார் பட்டறைக்கு வந்தது. அதற்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தவர் என் வயதுடைய ஒரு சீனர். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஆனால் காரில் எஞ்சின் இல்லை. அது பிரிக்பீல்ட்ஸில் வேறொரு பட்டறையில் ரிப்பேரில் கிடந்தது. ஆகவே காரை என் லோரிக்குப் பின்னால் ஒரு திறந்த டிரெய்லரில் ஏற்றி அங்கே கொண்டுபோக வேண்டும்.

அதிகாரி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கூட வந்தவர் அதை மலாயில் சொன்னார்: "ஒரு கீறல் இருந்தாலும் பெயிண்ட் அடித்தவனும் லோரி ஓட்டுபவனும் சயாமுக்கு."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் பக்கத்திலிருந்து லோரி லோரியாக ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுப்புக்குக் கரி போட என்னோடு வருபவர் ஒரு முஸ்லிம் தம்பி. நாகூர்ப் பக்கம். நாங்கள் இருவரும் டிரெய்லரில் காரை ஏற்றினோம். கயிறு உடம்பின் மேல் படாதபடி அச்சிலும் சக்கரத்திலும் மட்டும் கட்டினேன். அதற்கு மேல் லோரியின் பழைய கித்தான் படுதாவைப் போர்த்தினோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா எங்களுக்குக் கருப்புக் காப்பி கொண்டுவந்தாள். முற்றத்துக் காற்றில் படுதா படபடவென்று அடித்தது. அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தைத் தூக்கி உள்பக்கத்தை விரலால் தடவினாள். விரலில் செம்மண் ஒட்டியிருந்தது.

"ஏங்க, இது போர்வையா, உப்புத்தாளா? நின்ன இடத்துலயே இப்படி ஆடுதே, ஓடுனா தேய்ச்சே தள்ளிடும்."

"அப்ப போர்த்தாமலே போகச் சொல்றியா? பின்னாடி பொறி விழும்லா."

அவள் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெயிண்ட்காரரிடம், அடித்து எத்தனை நாளாகிறது, நன்றாகக் காய்ந்ததா என்று தன் அரைகுறை மலாயில் கேட்டாள். காய்ந்தது, ஆனால் இன்னும் பச்சைத் தோல்தான் என்றார் அவர்.

"தோலா?" என்றாள் அம்மா. "தீப்பட்ட உடம்ப எதுலங்க படுக்க வைப்பாங்க?"

"வாழை இலையில."

"அதுதான் ஒட்டாது, உரசாது. வெட்டிட்டு வாங்க."

தம்பி சிரித்துவிட்டார். "அண்ணி, காருக்கு விருந்தா வைக்கப் போறீங்க?"

"ஆமா. நீங்க சயாமுக்குப் போகாம இருந்தா உங்களுக்கும் ஒரு இலை போடுறேன்."

பெயிண்ட்காரர் சிரிக்கவில்லை. வாழைக் கறை பட்டால் போகாது, என் பெயிண்ட் பாழாகும் என்று கையை விரித்து இலைக்கும் காருக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவர் பயமும் நியாயம்தானே. அவர் உயிரும் அதில்தான் இருந்தது. அம்மா அவரோடு வாதாடவில்லை. வீட்டு அடுப்பில் தணலை விசிறி, ஓர் இலையின் நடு நரம்பைச் சீவி எடுத்து, தணலுக்கு மேல் அப்படியும் இப்படியும் காட்டினாள். இலை கரும்பச்சையாகித் துணிபோலத் துவண்டது. வெட்டிய ஓரத்தைச் சுட்டுக் கறையை வற்ற வைத்தாள். ஈரத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கதவின் உள்விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டி வைத்தார். மறுநாள் காலையில் உரித்துப் பார்த்தார். பக்கத்தில் ஊதினார், தேய்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு தானே வாழைத் தோப்புக்குள் போனார்.

அன்று முழுவதும் எங்கள் வீட்டில் இலை வாட்டும் வாசம். கூரைக்குக் கீற்று வேய்வதுபோல் கீழேயிருந்து மேலே, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும்படி அம்மா அடுக்கினாள். எல்லா இடத்திலும் இரண்டு அடுக்கு. இலைக்கு மேல் தண்ணீர் தெளித்த கோணிச் சாக்கு. லோரிச் சக்கரம் வீசும் கல்லுக்காகப் பெயிண்ட்காரர் டிரெய்லரின் முன்பக்கம் ஓர் அத்தாப்பு ஓலைத் தட்டியை நிறுத்தினார். எல்லாவற்றையும் ஆடாமல் இறுக்கிக் கட்ட மெத்தென்ற நாடா வேண்டும். சணல் கயிறு அறுக்கும். துணிக்கு எங்கே போவது? ஜனங்கள் சாக்கை உடுத்திக்கொண்டு திரிந்த காலம்.

வீட்டுக்குள் துணி கிழியும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

"அடியே, அது என் கல்யாண வேட்டி!"

"தெரியும்."

"இருந்தது அது ஒண்ணுதானே!"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க சயாமுக்குப் போயிட்டா இத யாருக்குங்க கட்டி விடுறது?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நாடாவைக் கிழித்தாள்.

கட்டி முடித்ததும் தம்பி சுற்றி வந்து பார்த்தார். "அண்ணே, இவ்வளவு பெரிய நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்த நான் பார்த்ததே இல்லலா!" பெயிண்ட்காரருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் காலையில் கிளம்பினோம். கிள்ளான் பாலத்தில் காவலுக்கு நின்றவனுக்கு இறங்கிக் கும்பிட்டு, குனிந்து, மறுபடி ஏறினோம். பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் லோரி திணறியது. தம்பி அடுப்பைக் கிளறினார். கொத்தாகப் பொறி பறந்து பின்னால் போனது. திரும்பிப் பார்த்தால், கார் கூரையின் மேல் சாக்கு புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணே! நிறுத்துங்க!"

பிரேக்கை மிதித்தேன். அவர் வாளியோடு குதித்து ஓடித் தண்ணீரை ஊற்றினார். சாக்கில் கையகல ஓட்டை. அதன் வழியே கருகிய இலை தெரிந்தது. அதற்குக் கீழே என்ன ஆனது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிரித்தால் அம்மா கட்டிய கட்டு எனக்குக் கட்ட வராது. அப்படியே ஓட்டினேன். பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். நாடாவை அவிழ்த்தோம், சாக்கை எடுத்தோம். கூரை இலைக்கு வந்தபோது நான் மெதுவாகத்தான் உரித்தேன். மேல் இலையில் கருகிய ஓட்டை. அடி இலையில் ஒரு பழுப்பு வட்டம், அவ்வளவுதான். அதற்கும் கீழே வானமும் மேகமும் தெரிகிற கறுப்பு. கறை இல்லை, கீறல் இல்லை.

அதிகாரி காரைச் சுற்றி வந்தார். கூரைப் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் தொப்பியைக் கழற்றி, காரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிவிட்டு, தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்களைப் பார்க்கவேயில்லை. அதைவிடப் பெரிய வெகுமதி அந்தக் காலத்தில் கிடையாது.

எத்தனையோ மெக்கானிக்குகளோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஒரு காரைத் தோலுள்ள உயிராகப் பார்த்தவள் உங்கள் அம்மா ஒருத்திதான். அவள் கத்தினால் துணியை உதறுங்கள்.

அன்று மதியம் தம்பி தொழுகைக்குப் போனார். நான் லோரி நிழலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். காருக்கு வாட்டியதில் மிஞ்சிய இலைத்துண்டு, உள்ளே அவித்த மரவள்ளி, கொஞ்சம் உப்பும் மிளகாயும். ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத அந்த இடத்தில், கல்யாண வீட்டில் மடிப்பதுபோல் அந்த இலையை என் பக்கமாக மடித்து வைத்தேன்.