ஊசியைக் கழற்றிய பிறகு

எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, பாதி திட்டு. எந்த விசேஷத்துக்கும் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வந்து நிற்பாள். அடுப்பில் பாலை வைத்தால் மறந்தே போவாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் கம்பெனியில் மெமரி அட்டைகளுக்கு நேரம் வைக்கிறவள் அவள். அந்த அட்டைகளில் சிப்புகளைப் பற்றவைக்கிறவள் நான். வீட்டில் நாத்தனார், வேலையிலும் பக்கத்து அறை. என் தலையெழுத்து என்று சொல்லுங்கள், அவள் தலையெழுத்து என்றும் சொல்லலாம்.

நேரம் வைப்பது என்றால் இதுதான். ஓர் அட்டையில் நான்கு சிப்புகள். நான்கும் தங்களிடம் உள்ள தகவலை ஒரே பாதை வழியாகத்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஒன்று வாயை மூடிய பிறகு அடுத்தது திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசி, யார் சொன்னதும் யாருக்கும் விளங்காமல் போகுமே, அந்தக் கூத்து அங்கே நடக்கக்கூடாது. 'இப்போது எடுத்துக்கொள்' என்று ஒரு சைகையும் கூடவே ஒரு கம்பியில் போகும். அது ஒரு துளி முந்திப் போனாலும் போச்சு, மூன்றாவது சிப்பைக் கேட்ட இடத்தில் இரண்டாவது சிப்பின் பதில் கைக்கு வரும். கண் இமைப்பதைக் கோடிக்கணக்கில் துண்டு போட்டால் எவ்வளவு வருமோ, அவ்வளவு சின்ன முந்தல் போதும்.

அந்தத் தடவை செய்த அட்டைகள் துறைமுகத்தின் புதுக் கிரேன்களுக்குப் போயின. கிரேனின் கை எவ்வளவு நீண்டிருந்தால் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற வரம்பெல்லாம் அந்தச் சிப்புகளில்தான் இருக்கிறது. கை நீள நீள எடை குறைய வேண்டும். இல்லையென்றால் கிரேனே குப்புற விழும். முதல் கிரேனுக்கு அன்றைக்குத்தான் சோதனை ஓட்டம். மேலே கேபினில் உட்கார்ந்திருந்தது என் அண்ணன்.

'கேபினுக்குள்ள வெயில் வறுத்தெடுக்குது' என்று அண்ணன் போன வாரம் புலம்பியது அண்ணிக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று காலை மிச்சமிருந்த ஓர் அட்டையை எடுத்து, சைகையைத் தொட்டு அளக்கும் கருவியின் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். நான் என்னவோ கேட்கப் போனவள், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

நீண்ட கைக்கான வரம்பைக் கேட்டிருக்கிறாள். திரையில் வந்திருந்தது குட்டைக் கைக்கான வரம்பு. பிழை என்று எந்த எச்சரிக்கையும் இல்லை. எப்படி இருக்கும்? வந்த பக்கத்தில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை, வேறு சிப்பின் பக்கம், அவ்வளவுதான். ஊசியை மாட்டினாள், சரியாக வந்தது. கழற்றினாள், மறுபடியும் தப்பு.

"ஊசிதான்" என்றாள். "சைகை போற கம்பியில ஊசி தொட்டுக்கிட்டு இருந்தா, சைகை ஒரு துளி தாமதமாகுது. அதை வெச்சே எல்லாத்துக்கும் நேரம் வெச்சிருக்கேன். ஊசி இல்லாம சைகை முந்திக்குது. சூட்டுல சிப்பு வேற மெதுவாயிடுது."

அடக் கடவுளே! அடிக்கடி கழற்றி மாட்டினால் முனை கெட்டுவிடும் என்று ஓர் அட்டையின் சோதனை முடியும்வரை அந்த ஊசியைக் கழற்றுவதே இல்லை. அட்டைக்கு அட்டை மாற்றுவோமே தவிர, ஊசி இல்லாமல் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை.

மேனேஜர் அறைக்கு ஓடினோம். அட்டை, டிரையர், கருவி எல்லாவற்றையும் அவர் மேசையிலேயே பரப்பினாள் அண்ணி. ஊசியைக் கழற்றிவிட்டு டிரையரைப் பிடித்தாள். சனியன் பிடித்த அட்டை, அந்த நேரம் பார்த்துச் சரியாகப் படித்தது.

"சரியாத்தானேம்மா வருது? சைகையைக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

"அதைக் காட்டணும்னா ஊசியை மாட்டணும் சார். மாட்டினா தப்பு மறைஞ்சிடும்."

"அப்ப நான் எதைப் பார்த்து நிறுத்தச் சொல்றது? அங்க எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. இன்னொரு தடவை சூடு பண்ணுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேல உக்காந்திருக்கிறது எங்க அண்ணன் சார்! இன்னும் எத்தனை தடவை பண்ணணும்?"

அண்ணி அதற்குள் அவர் மேசைப் போனை எடுத்துவிட்டாள். கேபினுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் தளத்து மேற்பார்வையாளரைத்தான் பிடித்தாள்.

"கிரேன் அட்டையில தப்பு இருக்கு. தூக்கிட்டாங்களா?"

"இப்பத்தான் தரையை விட்டு எழும்புச்சு. யாரும்மா நீங்க?"

"கையை நீட்ட விடாதீங்க. சுமையைக் கீழ இறக்கச் சொல்லுங்க."

"உங்க மேனேஜர் சொன்னாரா?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இல்ல. நேரம் வெச்சது நான். தப்பு என்னோடது, நான் சொல்றேன். இறக்குங்க!"

அந்தப் பக்கம் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். காற்று இரைவது கேட்டது, யாரோ கத்தினார்கள், பிறகு எதுவுமே இல்லை. நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ரொம்ப நேரம் கழித்து விசில் சத்தம். அப்புறம் அந்த ஆள் மூச்சு வாங்க வந்து சொன்னார்: "இறக்கியாச்சும்மா."

வேலை முடிந்து அண்ணன் வந்ததும், உயிர் வந்த சந்தோஷத்தில் நான்தான் முதலில் பாய்ந்தேன். "ஏண்ணே, திரையைப் பார்க்க மாட்டியா? கண்ணை எங்க அடகு வெச்சே?"

"பார்த்தேனே" என்றான் சட்டையைக் கழற்றிக்கொண்டே. "கையை நீட்ட லீவரைப் பிடிச்சிட்டேன். இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு எடைன்னு காட்டுச்சு. இத்தனை வருஷம் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா? தாங்காதுன்னு மனசு அடிச்சுக்கிச்சு."

"அப்ப ஏன் லீவரை விடல?"

அண்ணன் அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். "உங்க அண்ணி நேரம் வெச்சதாச்சே! அவ தப்பு பண்ண மாட்டா, நம்ம கணக்குத்தான் தப்புன்னு நெனச்சேன்."

நாளெல்லாம் கல்லாக நின்றவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

"எதுக்கு அழறா? நல்லதாத்தானே சொன்னேன்?" என்று அண்ணன் என்னைக் கேட்டான்.