அக்கா வளர்த்த மண்ணுளி

போன வாரம் மகனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்தோம். பெட்டியைத் திறந்ததும் பசை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. "சூப்பர் வாசனைம்மா" என்று அவன் பெட்டிக்குள்ளேயே முகத்தை நுழைத்தான். நான் எழுந்துபோய் சன்னலைத் திறந்து வைத்தேன். அந்த வாசனை வந்தால் எனக்கு ஷூ ஞாபகம் வராது, பாம்பு ஞாபகம்தான் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஆம்பூரில் பிளஸ் டூ முடித்த கையோடு, அக்கா வேலை பார்த்த ஷூ கம்பெனியிலேயே நானும் சேர்ந்தேன். இரண்டு பேரும் பேஸ்டிங் செக்ஷன். தோல் துண்டின் ஓரத்தில் பிரஷ்ஷால் பசை தடவி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்து அழுத்த வேண்டும். அங்கே யாரும் அதைப் பசை என்று சொல்வதில்லை, சொல்யூஷன். கையுறை கொடுத்திருந்தார்கள். போட்டுக்கொண்டால் மடிப்பு நேராக வராது, டார்கெட் குறையும், சூப்பர்வைசர் வந்து கத்துவார். அதனால் கையுறைகள் டிராயருக்குள் கசங்காமல் கிடந்தன. சாயங்காலம் பஸ்ஸில் விரலில் காய்ந்த சொல்யூஷனை உரித்து உருட்டிக்கொண்டே வருவேன். எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

அக்காவின் பொழுதுபோக்கு வேறு. குளியலறை கட்டுவதற்காக வீட்டுக்குப் பின்னால் கொட்டிய மணலில் ஒரு மண்ணுளிப் பாம்பு வந்து சேர்ந்தது. குட்டையாக, தடியாக, எது தலை எது வால் என்று தெரியாத உடம்பு. கடிக்காது, சீறாது. தொட்டால் சுருண்டு, தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அக்கா அதைப் பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் மணல் போட்டு விட்டாள். எலிப்பொறியில் விழுந்ததெல்லாம் அதற்குத்தான். சோம்பேறி என்று பெயர் வைத்தாள். "எங்க சோம்பேறி இன்னிக்கு இன்னா பண்ணுச்சு?" என்று சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மாவைக் கேட்பாள். அது என்ன பண்ணியிருக்கும்? ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதானே அதன் வேலை. பாம்பு வளர்ப்பது அப்போதும் சட்டப்படி குற்றம்தான், எங்களுக்குத்தான் தெரியாது. நான் பயந்தாங்கொள்ளி. அந்த டிரம் பக்கமே போக மாட்டேன். அக்காவோ அதை மடியில் போட்டுக்கொண்டு போனில் பேசுவாள். ஆலங்காயத்து மாப்பிள்ளையோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவர் அந்தப் பக்கம் என்ன சொல்வாரோ, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அவள் கட்டைவிரல் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்தது. பிறகு ஆள்காட்டி விரலிலும். மண்ணுளி நக்கினால் தோல் வெளுக்கும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவின் பார்வை நேராக டிரம்முக்குப் போனது. மறைக்கிறேன் பேர்வழி என்று அம்மா மருதாணி அரைத்து அக்காவின் விரல்களில் வைத்தாள். மற்ற இடமெல்லாம் சிவந்து, வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தெருவில் யார் வாய் நீண்டதோ, சேதி ஆலங்காயம் வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் கையைப் பார்க்க வருகிறோம் என்று போன் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அந்த அம்மா வந்த உடனே எங்கள் அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்த மகள் முந்தானையை வலக்கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாம்பு நக்குனதுதான், சந்தேகமே இல்ல. அது உசுரோட இருக்கற வரைக்கும் வெள்ளை பரவிக்கினேதான் இருக்கும். அடிச்சிக் கொளுத்துங்க. அப்பால கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டினேன். என் கட்டைவிரலிலும் அந்த வாரம் ஒரு வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. "எனக்கும்தான் இருக்குது. நான் அத்த ஒருநாளும் தொட்டதே இல்ல" என்றேன். பெரிதாக அக்காவைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. அந்த அம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சின்னவளுக்குமா?" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே ஊட்டுக் காத்து, தொட்டாத்தானா?" என்றார் அந்த அம்மா.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா எங்கள் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இல்லை, பயம். எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்தார்.

அக்கா ஓடிப்போய் டிரம்முக்கு முன்னால் நின்றாள். "வேணாம் நைனா. இது யாருக்கு இன்னா பண்ணுச்சு?"

"தள்ளு. ரெண்டு பேரும் ஊட்டுலயே குந்திக்கினு இருக்கணுமா?"

"கல்யாணம் போனா போகட்டும் நைனா."

"தள்ளும்மா" என்றார் நைனா. குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அக்கா தள்ளி நின்றாள். டிரம்மைச் சாய்த்ததும் பாம்பு மணலோடு வெளியே விழுந்தது. ஓடக்கூட இல்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தது. சுருண்டு, தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகும் சாப்பாடு போட்டோம். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது, இல்லையா? அக்காதான் பரிமாறினாள். கண் சிவந்திருந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு சோறு பிசைய முடியாது. மாப்பிள்ளையின் அக்கா கையை வெளியே எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கணுவரை வெள்ளை.

அக்கா சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க எங்க வேல செய்றீங்க?"

"வாணியம்பாடியில. ஷூ கம்பெனி."

"எந்த செக்ஷன்?"

பிசைந்த கை நின்றது. "பேஸ்டிங்."

"உங்க ஊட்டுல இன்னா பாம்பு?"

அவர் தன் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "பாம்பு எதுவும் இல்ல. மீன் துன்னுட்டுப் பால் குடிச்சேன், அதனாலன்னு சொல்றாங்க."

"அது வேற, இது வேற" என்றார் அந்த அம்மா அவசரமாக.

"சாப்ட்டு முடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள் அக்கா. அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் கம்பெனியில் அக்கா எங்கள் மேஜையில் ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்துப் பார்த்தாள். வெளுத்த விரல் நிறைய இருந்தது. ஒருத்திக்குக் கிரகணம், ஒருத்திக்குத் தயிர், பக்கத்தில் உட்காரும் ஜபீனுக்கு அவள் சித்தியின் கண் பட்ட நஜர். எல்லோர் வீட்டிலும் ஒரு காரணம் தயாராக இருந்தது. சோறு போடுகிற சொல்யூஷன்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கா டிராயரைத் திறந்து கையுறையைப் போட்டாள். டார்கெட் போனது, கொஞ்ச நாளில் வேலையும் போனது.

அந்தக் கம்பெனி இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. ஜபீன் எங்கே இருக்கிறாளோ தெரியாது. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு போட்டாயிற்று. மண்ணுளி வந்தாலும் புதைய இடமில்லை. எனக்கு வெள்ளை ஒற்றை விரலோடு நின்றுபோனது. அக்காவுக்கு நிற்கவில்லை. அந்த வருஷமே அவளுடைய நடுவிரலும் வெளுத்தது. அம்மா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பழி போட இந்த முறை வீட்டில் எதுவும் மிச்சமில்லை.