தட்டைப் பார்க்காத மதியம்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். ஆயா கன்னியம்மா ஏழாம் அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்ட நேரம் அது.

"சிஸ்டரம்மா, இந்தம்மா கூப்ட்டா பேச மாட்டேங்குது. துணியெல்லாம் தண்ணியா நனஞ்சிருக்குது."

அந்த நர்சிங் ஹோமில் அது எனக்கு ஒன்பதாவது நாள். இப்போது பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள், அதிலும் வீட்டுக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வரும் சிஸ்டர்கள், படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பேரில் தவறில்லை என்று காட்டுவதற்காக அல்ல.

1. பன்னிரண்டு வருடம்

1989-ல் வேலையை விட்டேன். மகள் மலர் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. நான் டியூட்டியில் இருந்தேன். வீட்டில் என் கணவரின் கையில் குழந்தை விறைத்துக் கிடந்திருக்கிறது. மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதன்பின் பன்னிரண்டு வருடம் ஒரே ஒரு பேஷன்ட்டைத்தான் பார்த்தேன். மாத்திரை நேரம், தூங்கும் நேரம், காய்ச்சல் வந்தால் ஈரத்துணி. கடைசி மூன்று வருடமாக வலிப்பு வரவில்லை. "இனிமே நீ வேலைக்குப் போலாம்மா, என்னையே பாத்துட்டு உக்காராத" என்று மலரே சொன்ன பிறகுதான் துணிந்தேன்.

திருவண்ணாமலையில் வேலூர் ரோடுப் பக்கம் பதினாறு படுக்கை உள்ள நர்சிங் ஹோம். நடத்தியவர் ஒரு லேடி டாக்டர். என் சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் பார்க்கலாம், அதற்குப் பிறகு முடிவு செய்வோம் என்றார். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டியூட்டி. எனக்கு இன்சார்ஜாக இருந்த ஜெயந்திக்கு இருபத்தாறு வயது. நான் அவளை சிஸ்டர் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் கையிலிருந்து ட்ரேயை வாங்கிக்கொள்வாள்.

நான் விட்டுப்போன வார்டு அங்கே இல்லை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்த பாத்திரம் இல்லை. எல்லாம் ஒரு தடவை போட்டுத் தூக்கியெறிவது. நரம்பில் ஊசி குத்த எங்கள் காலத்தில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்த ஸ்கால்ப் வெயின் ஊசி. இப்போது பிளாஸ்டிக் குழாய் உள்ளேயே தங்கும் கேனுலா. அதை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. சர்க்கரை பார்க்க உள்ளங்கை அளவு மெஷின். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. கேட்கவும் வெட்கம்.

எனக்கு அதிகம் பயம் இன்சுலின் சிரிஞ்சில்தான். சிவப்பு மூடி போட்டது நாற்பது யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது நூறு யூனிட் மருந்துக்கு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடிவிடும், இல்லை குறைந்துவிடும். முதல் நாள் ஜெயந்தி இதைச் சொன்னதிலிருந்து எனக்குக் கனவில்கூடச் சிவப்பு மூடிதான்.

2. டெலிபோன் இருந்த மேசை

அன்று சித்ரா பௌர்ணமி. காலை பத்து மணிக்கே தெருவில் கூட்டம் போகும் சத்தம் மாடி வரை கேட்டது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ஏழாம் அறை முனியம்மாளின் மகன் பதினொன்றரைக்கே சாப்பாட்டு கேரியரை வைத்துவிட்டு, அப்புறம் பஸ் பிடிக்க முடியாது என்று கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிவிட்டார். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் என்று டாக்டர் பன்னிரண்டு மணிக்குக் காரில் போனார். கீழே லேபர் ரூமில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருந்தது. ஜெயந்தி அங்கே. மாடியில் நானும் ஆயாவும்தான்.

முனியம்மாளுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். மணிலாக் கொட்டை (வேர்க்கடலை) பிடுங்கும்போது குதிகாலில் ஏதோ குத்தி, சர்க்கரையால் புண் ஆறாமல் வந்திருந்தார். தினம் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். பன்னிரண்டே முக்காலுக்கு நான் போட வேண்டும். பதினாறு யூனிட்.

சிவப்பு மூடியா என்று பார்த்தேன். பாட்டிலில் நாற்பது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மருந்தை இழுத்தேன், மறுபடி கோட்டை எண்ணினேன். கீழே இறங்கிப் போய் லேபர் ரூம் கதவைத் தட்டி ஜெயந்தியிடம் காட்டினேன். அவள் கையுறையோடு எட்டிப் பார்த்து, "சரியாத்தான்க்கா இருக்கு. ஒவ்வொன்னுக்கும் மாடி ஏறி எறங்குனா சாயந்தரம் உங்களையும் ஒரு பெட்ல படுக்க வெக்கணும்" என்றாள். மேலே வந்து ஊசியைப் போட்டேன். அளவு சரி. இடம் சரி. நேரம் சரி. மனசுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இன்சுலின் போட்டால் அரைமணிக்குள் பேஷன்ட் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதை நர்ஸ் கண்ணால் பார்க்க வேண்டும். ஃபர்ஸ்ட் இயரில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அதற்கு மெஷினும் வேண்டாம், மூடியின் நிறமும் வேண்டாம்.

ஒன்று பத்துக்கு நான் ஏழாம் அறைக்குப் போகவில்லை. டெலிபோன் இருந்த மேசைக்குப் போனேன். கோடை லீவு. மலர் வீட்டில் தனியாக இருந்தாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஃபேனுக்குக் கீழேதான் இருக்கிறாயா, கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். விழுந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமே. "காலைலேர்ந்து மூணாவது போன்மா" என்றாள். வைத்துவிட்டு வரும் வழியில் ஏழாம் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

"சாப்ட்டீங்களாம்மா?"

"சாப்ட்டேன் கண்ணு" என்றார் முனியம்மாள்.

நான் நகர்ந்துவிட்டேன்.

3. ஏழாம் அறை

இரண்டு பத்துக்கு உள்ளே ஓடினேன். முனியம்மாளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன். ஏதோ முனகினார். நாடி ஓட்டமாக ஓடியது.

கட்டிலுக்குக் கீழே கேரியர் இருந்தது. குனிந்து தூக்கினேன். கனமாக இருந்தது. திறந்தால் சோறும் கீரைக் குழம்பும் வைத்தது வைத்தபடி.

இன்சுலின் போட்டபின் சாப்பிடாததால் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. கன்னியம்மா அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து அவர் வாயில் ஊற்றப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவளைக் கீழே அனுப்பி ஜெயந்தியைக் கூப்பிடச் சொன்னேன். நான் கெஸ்ட் ஹவுஸுக்கு போன் போட்டேன். எடுத்தவர், டாக்டர் ஒன்றரைக்கே கிளம்பிவிட்டார், ஆனால் செங்கம் ரோடு முழுக்க ஜனம், கார் நகராது என்றார். கன்னியம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். கீழே குழந்தையின் தலை தெரிகிறது, ஜெயந்தி சிஸ்டர் இப்போது கையை எடுக்க முடியாது என்றாள்.

டாக்டர் சொல்லாமல் நரம்பில் மருந்து ஏற்றலாமா? வேலைக்கு வந்து ஒன்பது நாள். தவறாகப் போனால் இன்னொரு முறை எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் கால் வைக்க முடியாது. அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை நொடி நின்றேன் என்று தெரியாது. நின்றேன் என்பது மட்டும் தெரியும். அதையும் மறைக்க விரும்பவில்லை.

முந்தின நாள்தான் அவர் கையிலிருந்து கேனுலாவை எடுத்திருந்தார்கள். புதிதாக ஒன்றைப் பிரித்தேன். முதல் குத்திலேயே நரம்பு உடைந்து கை வீங்கிவிட்டது. ட்ரேயைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில், குழந்தைகளுக்கென்று வைத்திருந்த ஸ்கால்ப் வெயின் ஊசி ஒன்று கிடந்தது. இறக்கையை இரண்டு விரலால் மடித்துப் பிடித்ததும் கை நடுக்கம் நின்றது. மனசு நிற்கவில்லை, கை மட்டும் நின்றது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு மெல்லிய நரம்பு. குத்தினேன். குழாயில் ரத்தம் ஏறியது.

நரம்பில் ஏற்றும் சர்க்கரைக் கரைசல், இருபத்தைந்து பர்சன்ட் டெக்ஸ்ட்ரோஸ், நான்கு ஆம்ப்யூல். ஒவ்வொன்றாக, மெதுவாக. மூன்றாவது முடியும்போது அவர் கண் என் பக்கம் திரும்பியது. நான்காவது முடிந்ததும், "இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

அவராக விழுங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு சர்க்கரைப் பாலைக் கொடுத்தேன். அப்புறம் கேரியரிலிருந்து சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காலைல ஞாபகமில்லாம இட்லி துன்னுட்டேன். தெருவுல ஜனம் போறத கேட்டப்பறம்தான் பௌர்ணமின்னே தெரிஞ்சுது. பதினோரு வருசமா உடாம மலைய சுத்தறேன். இந்த தபா காலு இப்பிடி ஆயிடுச்சு. சுத்தத்தான் முடியல, நெலா வர வரைக்கும் ஒரு வேள சோறாச்சும் உடலாம்னு பாத்தேன். சொன்னா நீ திட்டுவ. நீயே பயந்து பயந்து ஊசி போடற பொண்ணு."

இந்த ஊரில் பௌர்ணமி அன்று பெண்கள் சாப்பிடாமல் இருப்பது எனக்குத் தெரியாதா? என் மாமியார் இருந்திருக்கிறார். நானே இருந்திருக்கிறேன். விரதம் இருப்பவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் நம்மைச் சமாதானப்படுத்த ஆச்சு என்றுதான் சொல்வார். தெருச் சத்தம் காலையிலிருந்து என் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அது டாக்டர் காருக்கு வழி கிடைக்காத சத்தமாக மட்டுமே கேட்டது.

4. கேஸ் ஷீட்

இரண்டே முக்காலுக்கு ஜெயந்தி ஓடி வந்தாள். கீழே ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். மெஷினில் சர்க்கரை பார்த்தாள், நூற்றுப்பன்னிரண்டு. (மெஷின் தெரிந்திருந்தால் முதலிலேயே பார்த்திருப்பேன். தெரியாததை வெட்கப்படாமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.) க்ளூகோஸ் டிரிப் ஒன்றை மாட்டினாள். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"அக்கா, பேஷன்ட் ரெஃப்யூஸ்டு ஃபுட்னு எழுதிடுங்க. பொய் சொன்னது அவங்கதான? உங்க மேல ஒன்னும் வராது."

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எழுதினால் பாதி உண்மைதான். அந்த ஒரு மாதம் என்ற பேச்சு தலைக்குள் ஓடியது. எனக்கு வேலை போய் வீட்டுக்குத் திரும்பினால் மலர் ஒன்றும் சொல்லமாட்டாள். தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

உள்ளிருந்து முனியம்மாளின் குரல் கேட்டது. "டாக்டரம்மா கேட்டா நானே சொல்லிக்கிறேன், நீ போயி எழுதாத."

மேசையில் உட்கார்ந்தேன். நேரம் நேரமாக எழுதினேன். பன்னிரண்டே முக்காலுக்கு இன்சுலின் பதினாறு யூனிட். ஒன்றேகாலுக்கு பேஷன்ட்டை வாசலில் நின்று வாய்ச்சொல்லாகக் கேட்டேன், சாப்பிட்டதை நேரில் பார்க்கவில்லை. இரண்டு பத்துக்கு நினைவு மங்கல். டாக்டரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, ஆர்டர் இல்லாமல் டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அன்று கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறவர்கள் தெரியாத பொருளைப் பார்த்தே பயப்படுகிறோம். கவனம் எல்லாம் அங்கே போய்விடுகிறது. தெரிந்த வேலையில்தான் விழுகிறோம். சிவப்பு மூடியை நான்கு தடவை பார்த்தவள் கேரியரை ஒரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை. கவலை வேறு, கவனிப்பு வேறு. வீட்டைப் பற்றிய கவலையைக் கூடவே வார்டுக்கும் கொண்டுவருகிறவர்கள் இதை என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும். பேஷன்ட்டின் வாயைக் கேட்காதீர்கள், தட்டைப் பாருங்கள்.

நாலு ஐம்பதுக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர். காரைச் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கத்திலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்திருந்தார். புடவை ஓரம் முழுக்கப் புழுதி, ஒரு செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. நேராக ஏழாம் அறைக்குப் போனார். முனியம்மாளிடம் பேசினார், கண்ணைப் பார்த்தார், என் ஊசி இருந்த இடத்தைப் பார்த்தார். வெளியே வந்து உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி மறுபடியும் படித்தார். நான் எதிரில் நின்றேன். பேனாவைத் திறந்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"சிஸ்டர், நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் மேடம்."

"டப்பாவ எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தேன். திறந்தேன். காலையில் மலர் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம், மேலே வைத்த அப்பளம்கூட உடையாமல் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உக்காந்து சாப்புடுங்க, நான் இங்கதான் இருக்கேன். ஏழு மணிக்கு நாலாம் ரூம்காரருக்கு இன்சுலின் இருக்கு. நீங்கதான் போடணும்."