வேலுச்சாமி அண்ணாச்சி எழுதிய தேதித் தாள்

வேலுச்சாமி அண்ணாச்சி இன்று காலை போய்விட்டார். ஆமத்தூரிலிருந்து பிரஸ்ஸுக்கு போன் வந்தது... மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை.

தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே ஒரு நல்ல வார்த்தை இருக்குமே... சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸுக்கு அதை எழுதியவர் அவர்தான். அறுபதுகளில் அச்சுக் கோக்க வந்தவர், இந்த ஆடி வரைக்கும் எழுதினார்.

ஆரம்பத்தில் எல்லாம் பெரிய பெரிய வரிகளாம். பொறுமை, உழைப்பு, அடக்கம். "எனக்கே மீசை சரியா மொளைக்கல தாயி, ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாளில் அவர் தங்கச்சி சுப்புத்தாயை அச்சங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அடி தாங்காமல் ஆமத்தூருக்கு வந்துவிட்டாள். இருக்கவா, திரும்பிப் போகவா... அண்ணன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அண்ணாச்சிக்கு வாய் வரவில்லை. ஆர்டர் நிறைய இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, விடிந்ததும் பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு காலையில் அவள் தேதியைக் கிழித்திருக்கிறாள். 'பொறுத்துப் போகிறவளுக்கே குடும்பம் நிலைக்கும்.'

அது முந்தின வருஷம் ஆடியில், இடத்தை நிரப்ப எழுதிய வரி. காலண்டர் வேலை அப்படித்தான், எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடும். அவளுக்கு அது தெரியாது. "நேர்ல சொல்லக் கூச்சப்பட்டு, அண்ணன் அச்சடிச்சுச் சொல்லிருச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அண்ணாச்சி அச்சங்குளம் போனார். "வாங்க மச்சான், சாப்பிட்டீகளா" என்று மாப்பிள்ளை உபசாரம் செய்தாராம். தங்கச்சி காபி கொண்டுவந்து கொடுத்து, "நீ சொன்னபடியே வந்துட்டேண்ணே" என்றாளாம்.

அது உனக்கு எழுதியதில்லை என்று சொல்ல வாயெடுத்து... காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த காலண்டரிலிருந்து வரிகள் மாறின. 'பசித்தால் உடனே சாப்பிடவும்.' 'காலில் முள் ஏறினால் அன்றே எடுத்துவிடவும்.' பழைய முதலாளி திட்டுவாராம். "ஏலே, இது காலண்டரா, வைத்தியர் குடுத்த சீட்டா?"

அவள் கிளம்பிப்போன அந்தத் தேதிக்கு மட்டும் வருஷா வருஷம் ஒரே வரி. 'பிறந்த வீட்டுக்கு வர யாரையும் கேட்க வேண்டாம்.'

காலண்டரை அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். மாப்பிள்ளை மரியாதையாக வாங்கி, தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டிவிடுவாராம். வீட்டுச் சுவரில்தான் உரக்கடைக் காலண்டர் இருக்கிறதே...

சுப்புத்தாய் கடைசிவரை அச்சங்குளத்தில்தான் இருந்தாள். அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் அண்ணாச்சி அந்த வரியை எடுக்கவில்லை.

இந்த ஆடியில் என் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைப் பிழை பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ எம்புட்டோ புஸ்தகம் படிக்கே தாயி. அன்னைக்கு அங்கன நான் என்ன சொல்லியிருக்கணும்?"

'வா, வீட்டுக்குப் போவோம்.' அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அடுத்த தேதிக்குப் போய்விட்டார்.

வரப்போகும் வருஷக் காலண்டர் அச்சாகி, போன வாரமே லோடு ஏறிவிட்டது. அந்தத் தேதியில் அந்த வரி இருக்கிறது. எந்தச் சுவரில் மாட்டுவார்களோ...

போய்ட்டு வாங்க அண்ணாச்சி.