துப்பாக்கி பார்க்க வருகிறவர்கள்

ஒவ்வொரு அக்டோபரிலும், மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால், லைல் ட்வெட் தன் துப்பாக்கியை விற்கப்போவதாக ஊர் காபிக்கடைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டுவார். விற்கிற எண்ணம் அவருக்கு மருந்துக்கும் கிடையாது.

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் காரியம் இல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. வேலி அறுந்திருக்க வேண்டும், இல்லை மாடு தப்பியிருக்க வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று ஒருவன் சொன்னால், பாவம், டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மனைவி மர்னா இறந்து, மாடுகளை விற்று, மேய்ச்சல் நிலத்தையும் குத்தகைக்கு விட்ட பிறகு, லைல் வீட்டுக்கு வர யாருக்கும் ஒரு சாக்கு இல்லை. மிஞ்சியது அந்தத் துப்பாக்கிதான்.

வின்செஸ்டர் கம்பெனியின் பழைய லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே உள்ள லீவர் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே குதிக்கும், அடுத்தது உள்ளே ஏறும். அவ்வளவுதான் அதன் வித்தை. தொலைநோக்கி வைத்த புதுத் துப்பாக்கிகள் இதைவிடப் பல மடங்கு தூரம் சுடும். ஆனால் அவற்றைக் கையில் எடுத்துவிட்டு யாரும் பேச்சு மறந்து நின்றதில்லை. ஒற்றைக் கையில் தூக்கி நடக்கும் இடத்தில் இதன் கறுப்பு தேய்ந்து இரும்பு வெளுத்திருந்தது. வந்தவர்களின் விரல்கள் தாமாகவே அந்த இடத்துக்குப் போகும். லீவரை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் முகம் இளகிவிடும். முதல் மான், செத்துப்போன குதிரை, பனியில் வழிதவறிய கதை என்று ஒவ்வொன்றாக வரும், காபியும் தீரும். கடைசியில் விலை கேட்பார்கள். லைல் வாய் கூசாமல் ஒரு விலை சொல்வார். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சில சாயங்காலங்களை வைத்தே அவர் குளிர்காலத்தை ஓட்டிவிடுவார்.

பக்கத்துப் பண்ணை ஆர்லோ வருடம் தவறாமல் வருவான்.

"அந்த வெலைக்கு உன்னையும் சேத்துல்ல தரணும்?"

"என்னைச் சேத்தா வெலை எறங்கிடும்பா."

இந்த வருடம் கொரீன் ஹாகன் என்ற பெண் வந்தாள். வெகு தூரத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். லீவரை இழுத்தாள், புருஷன் வைத்திருந்த துப்பாக்கியைப் பற்றிப் பேசினாள், லைல் சொன்ன கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். குஷியில் லைல் வழக்கத்தைவிடவும் கூட்டி விலை சொன்னார்.

"சரி" என்று அவள் கையை நீட்டினாள்.

நீட்டிய கையைப் பற்றாமல் விட்டுப் பழக்கமில்லாதவர் லைல். கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் கை குலுக்கினால் முடிந்தது வியாபாரம். அப்புறம் மாட்டேன் என்றவனை யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். லைல் லீவரைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று முறைப்படி காட்டி, துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார்.

சூப் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார். சாலையில் பனி உறைவதற்குள் போக வேண்டும் என்றாள்.

"காபிக்கடையில நீங்க விக்கவே மாட்டீங்கன்னுதான் சொன்னாங்க" என்றாள், வண்டியில் ஏறியபடி. "எல்லாரும் ஒரே நாள்ல வந்துடக் கூடாதுன்னு, யார் என்னைக்குப் போறதுன்னு பேசி வச்சுக்குவாங்களாமே."

அவருக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

வண்டி போன பிறகும் லைல் வாசலிலேயே நின்றார். ஊரையே ஏமாற்றுவதாக எத்தனை வருடம் உள்ளுக்குள் சிரித்திருப்பார். ஆர்லோ வீட்டு அலமாரியில் இதே மாதிரி இரண்டு துப்பாக்கிகள் இருப்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே நெஞ்சும் நிறைந்துபோனது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அவர்கள் வருவதற்கு இருந்த ஒரே சாக்கையும் தன் கையாலேயே விற்றுத் தொலைத்துவிட்டார்.

மறுநாள் காபிக்கடைக்குப் போய்ச் சீட்டைக் கிழித்தார். ஆர்லோ கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"நிஜமாவே வித்துட்டியா?"

"வித்துட்டேன்."

ஆர்லோ ஏமாந்தவன்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மர்னாவிடம்கூட இப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை.

"ஆர்லோ, சும்மாவே வாயேன்."

ஆர்லோவுக்குக் காது சிவந்தது.

"சும்மா வந்து என்னத்தப் பண்றது?"

"தெரியல" என்றார் லைல். "உக்காந்திருப்போம்."