மணலில் ஏறும் வண்டிக்கு ஒரு சைலன்சர்

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து வழக்கம்போல வண்டியின் முன்மூடியைத் திறந்தேன். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன்; அளவு சரியாக இருந்தது. ரேடியேட்டர் அரைச் சொம்புத் தண்ணீர் குடித்தது. மண்வெட்டியும் இரண்டு பலகைகளும் காற்று அளக்கும் கருவியும் சீட்டுக்குப் பின்னால் அதனதன் இடத்தில் இருந்தன. மனைவி கொடுத்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அவள் தம்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டான். கீழக்கரையிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் இந்தப் பிக்கப்பை ஓட்டுகிறோம். நான் வளைகுடாவில் ஒரு உதிரிபாகக் கிடங்கில் இருந்துவிட்டுத் திரும்பியவன், வண்டி என்னுடையது. ஸ்டியரிங் அவனுடையது.

ஐஸ் கம்பெனியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு, திருப்புல்லாணிக்குத் தெற்கே இருக்கும் கரைக்குப் போனோம். அங்கே படகு அணையும் மேடை எதுவும் கிடையாது. அது கரைவலை இடம். வள்ளத்தில் போய் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று வடம் பிடித்துக் கரைக்கு இழுப்பார்கள்; ஒருமுறை போட்டு இழுப்பதைப் பாடு என்பார்கள். மீன் வந்து விழுவது மணலில். ஆகவே வண்டியும் பின்பக்கமாக ஈரமணல் வரை இறங்க வேண்டும். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பொதபொதவென்ற காய்ந்த மணலைத் தாண்டித் தார்ச்சாலைக்கு ஏற வேண்டும்.

அப்படி ஏறும்போது இந்தக் கரையில் யாரும் ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை. டயரில் காற்றைக் குறைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டால், எஞ்சின் தன் போக்கில், ஆள் நடக்கும் வேகத்தில், லோடை மேலே கொண்டுபோய்விடும். மிதித்தால் சக்கரம் சுழலும், சுழன்றால் புதையும். எங்களுடையது டர்போ இல்லாத பழைய டீசல் வண்டி. வேகம் வராது. ஆனால் அந்த அடி இழுவை அதற்கு இருந்தது. அதை நம்பித்தான் அந்தக் கரையின் சம்மாட்டி, அதாவது வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர், தன் மீனை எங்களுக்கு ஏற்றிவிட்டார். எங்கள் பிழைப்பில் பாதி அந்தக் கரைதான்.

அன்று லோடு ஏற்றி முதல் கியர் விழுந்ததும் வண்டிக்கு அடியில் ஏதோ அறுந்தது. அடுத்த நொடி கரை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். வலையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கைகளைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

"என்ன பாய், மீன் வண்டியைப் போட்டுட்டு புல்லட்டு வாங்கிட்டீகளா?" என்று சம்மாட்டி கத்தினார்.

"கடல்ல கெடக்குற மிச்ச மீனும் இலங்கைக்கு ஓடிரும். சீக்கிரம் கெளப்புங்கலே!" என்றார் இன்னொருவர்.

அந்தச் சத்தத்தோடேயே வண்டி ஏறிவிட்டது. மேலே வந்து குனிந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் குழாய் நன்றாக இருந்தது. அதற்கடுத்த சைலன்சர் பெட்டிதான் மூட்டில் இற்றுப்போய்த் தொங்கியது. அதற்கு நேர் மேலே, தளத்தில் ஒரு பொத்தல். ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு கலந்து, ஒவ்வொரு நாளும் அந்த ஓட்டை வழியாகச் சூடான இரும்பின் மேல் சொட்டியிருக்கிறது. உப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. பெட்டியைக் கம்பியால் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் மார்க்கெட்டில் மீனை இறக்கினோம்.

கம்பெனி சைலன்சர் மதுரையிலிருந்து வர வேண்டும், ஒரு வாரத்துக்குக் குறையாது என்றார்கள். அதனால் புறவழிச் சாலையில் இருக்கும் சைலன்சர் கடைக்குப் போனோம். கடைக்காரருக்குக் கமுதிப் பக்கம். சுவர் முழுவதும் குழாய்கள் தொங்கின, புடலங்காய்ப் பந்தல் மாதிரி. உள்ளே போனவுடனேயே மைத்துனனின் கண் இருப்பதில் அகலமான ஒன்றில் நின்றுவிட்டது. எஞ்சின் வாயிலிருந்து பின்முனை வரை ஒரே நேர்க்குழாய், நடுவில் சின்னதாக ஒரு பெட்டி.

"மச்சான், இதைப் பாருங்க. கை உள்ள போயிரும் போல."

"கை போறதுக்கா வாங்குறோம் மாப்புள? புகை போறதுக்கு."

"பொகை போனாத்தானே எஞ்சின் மூச்சு விடும்?" என்று கடைக்காரர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "எங்க ஊரு மொளகாய் லோடு வண்டிக்குப் பூராம் இதைத்தான் மாட்டிருக்கேன். மதுரைக்கு நிக்காமப் போறாங்க. ஒரு பய கொறை சொன்னதில்லை."

"முதல் கியர்ல, மிதிக்காம, லோடோட மணல்ல ஏறணும். ஏறுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மணல்ல எவனும் கேட்டதில்லை பாய். ஒண்ணு பண்ணுறேன். வெல்டிங் வைக்காம கிளாம்ப்ல மாட்டித் தாரேன். ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா கழட்டிருவோம்."

அந்தப் பேச்சு நியாயமாக இருந்ததால் மாட்டச் சொன்னேன்.

சாலையில் அந்த வண்டி எங்கள் வண்டி மாதிரியே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ரயில்வே மேம்பாலத்தில் வழக்கமாக மூன்றாவது கியருக்கு இறங்குகிற இடத்தில் இறங்காமலே ஏறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சத்தம் கனமாக, உருண்டையாக வந்தது. மைத்துனன் ஜன்னலை இறக்கிவிட்டு அதையே கேட்டுக்கொண்டு வந்தான்.

"பாத்தீகளா, பறக்குது!"

"பறக்கட்டும். நமக்கு நடக்கணும். கரைக்கு விடு."

மதியம் தாண்டியிருந்தது. வலை இழுத்து முடித்தவர்கள் பனை நிழலில் படுத்துக் கிடந்தார்கள். காலி வண்டியை மணலில் ஏற்றிப் பார்ப்பதில் பயனில்லை. காலையில் ஏறியது முழு லோடு. லோடுக்கு எங்கே போவது என்று நான் சம்மாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மைத்துனன் வண்டியை ஈரமணலில் நிறுத்தி, டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து, ஆள் பிடிக்கும் வேன்காரர்கள் மாதிரி கூவ ஆரம்பித்தான்.

"தனுஷ்கோடி, தனுஷ்கோடி, தனுஷ்கோடி! ஏறு, ஏறு! உக்காந்து போலாம்!"

படுத்துக் கிடந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். "ராமேஸ்வரம் கோயில்ல நிப்பாட்டுவீகளா?" "எனக்கு சன்னல் சீட்டு." "இவனை ஏத்தாதீக பாய், இவன் ஒருத்தனே ரெண்டு லோடு." தளம் நிறைந்த பிறகும் இரண்டு பேர் பக்கப் பலகையில் தொற்றிக்கொண்டார்கள். சம்மாட்டி முன்சீட்டில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தார். நான் கீழே நின்று பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் கிளட்சை மெல்ல விட்டான். வண்டி ஒரு முழம் நகர்ந்து, ஜன்னி கண்டது போல உதறி, நின்றுவிட்டது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, மிதித்தான். சத்தம் பெரிதாக வந்தது. சக்கரம் சுழன்று என் வேட்டியெல்லாம் மணலை வாரி இறைத்தது. நான் கையைக் காட்டுவதற்குள் பின்அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"தனுஷ்கோடி வந்துருச்சுடோய், எறங்குங்க!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் குதித்தார்கள்.

மண்வெட்டியும் பலகையும் போதவில்லை. கடைசியில் சம்மாட்டி வலைவடத்தைக் கொண்டுவரச் சொன்னார். முன்கொக்கியில் கட்டி, காலையில் வலை இழுத்தது போலவே இரண்டு வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்கக் கொடுக்கப் பின்பக்கமாக நடந்து இழுத்தார்கள். வண்டி மெதுவாகக் கரையேறியது.

"இன்னைக்கி ரெண்டாவது பாட்டுல பெரிய மீனாத்தான் விழுந்துருக்கு" என்றார் சம்மாட்டி. "ஆனா ஐஸ்ல வைக்க முடியாது."

சிரிப்பு அடங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் கேலி இல்லை. "பாய், தப்பா நெனைக்காதீக. நாளைக்கி விடிய வலை வைக்கிறோம். மேலத்தெரு டிராக்டர்காரன் ஒரு மாசமா லோடு கேட்டுக்கிட்டே இருக்கான். மீன் வெயில்ல கெடந்தா வலை இழுக்குறவுகளுக்கெல்லாம் நான் பங்கு குடுக்க முடியாது. அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"வலை வைக்கிறதுக்கு முன்னாடி வந்து ஏத்திக் காட்டுறேன். ஏறலைன்னா அவனையே கூப்புடுங்க."

"சரி" என்றார்.

மறுபடி சைலன்சர் கடைக்கே வண்டியைத் திருப்பினோம். நான் காலையில் நடந்ததையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெட்டி அறுந்து தொங்கியபோதும் வண்டி முழு லோடோடு ஏறியதே? அப்படியென்றால் இழுவை வந்தது பெட்டி புகையைத் தடுத்ததால் இல்லை. காலையில் இருந்ததும் மதியம் இல்லாததும் ஒன்றுதான்: எஞ்சினிலிருந்து வரும் பழைய குழாய், அதன் ஒடுங்கிய அளவு. கீழக்கரைக்குப் பக்கத்தில் ஓடை கடலில் சேரும் இடத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாய் குறுகலாக இருக்கும் இடத்தில் கொஞ்சத் தண்ணீரும் விசையாக ஓடி, பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். வாய் அகன்ற இடத்தில் அதே தண்ணீர் தேங்கி நிற்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் கொஞ்சம்தான். அகலக் குழாயில் அதற்கு விசை இல்லை. மதுரைச் சாலையில் ஓடும்போது புகை நிறைய வரும்; அங்கே அகலம் உதவும். வித்தியாசம் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் ஏறுவதற்கும் புதைவதற்கும் நடுவே மணல் கொடுக்கும் இடமும் சிறியதுதான்.

கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். வடம் கட்டி இழுத்த கதையை மைத்துனன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் கிளாம்பைக் கழற்றினார்.

"அப்ப பழைய அளவுக் குழாயே போட்டுருவமா? அதுக்கு எதுக்கு பாய் புதுச் சைலன்சர்?"

"குழாய் பழைய அளவு. பெட்டி மட்டும் வேற மாதிரி."

கழற்றி வைத்திருந்த பழைய குழாயின் உள்ளளவை எடுத்தேன். பின்முனையில் அளக்கவில்லை, அங்கே துரு உள்ளும் வெளியும் தடித்திருந்தது. எஞ்சின் பக்கம் கிளாம்ப் மூடியிருந்த இடத்தைத் துடைத்து, அங்கே அளந்தேன். அதே அளவில் புதுக் குழாய் கடையில் இருந்தது. பெட்டிக்கு மட்டும், உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாமல் துளையிட்ட குழாய் நேராகப் போகும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் உள்ளளவும் குழாயின் அளவேதான். சாலையில் பழையதைவிடக் கொஞ்சம் தாராளமாக மூச்சு விடும்; மணலில் புகையின் விசை குறையாது. இது என் கணக்கு. கணக்கு சரிதானா என்று கரைதான் சொல்ல வேண்டும்.

பின்முனையை நேராக விடாமல், பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் சற்று மேல்நோக்கி வளைக்கச் சொன்னேன். ஈரமணலில் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தை அலை அடிக்கடி தொட்டுப் பார்க்கும். பெட்டிக்கு மேல் ஒரு தகடு. தளத்தின் பொத்தலை அடைத்து, ஐஸ் தண்ணீர் மறுபக்கம் போக ஒரு ரப்பர் குழாய்.

வெல்டிங் முடிந்து ஸ்டார்ட் செய்தபோது மைத்துனன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அகலக் குழாயின் சத்தம் இல்லை. ஆனால் பழைய சத்தமும் இல்லை. அடித்தொண்டையில் பேசுவது போல ஒரு கனம் இருந்தது.

"கொஞ்சம் உறுமல் இருக்குல்ல மச்சான்?"

"இருக்கு."

"போதும்" என்றான். அன்று மதியத்திலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கரைக்குப் போய்ப் பார்க்க வெளிச்சம் இல்லை. ஊருக்கு வந்து தொழுது, சாப்பிட்டுப் படுத்தேன். மனைவி, "ஏறுமா?" என்று மட்டும் கேட்டாள். "இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை, சுபுஹு முடிந்ததும் முதல் வேலையாக, ஆயில் கம்பியைக்கூட உருவாமல், ஐஸ் கம்பெனிக்குப் போனோம். எல்லாப் பெட்டிகளிலும் விளிம்பு வரை ஐஸ் நிரப்பிக் கரைக்குப் போனோம். கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. டயர்களில் காற்றைக் குறைத்து, ஈரமணல் வரை பின்பக்கமாக விட்டோம். ஐஸ் பெட்டிகளுக்கு மேல், நேற்று ஏறியவர்கள் கூப்பிடாமலே ஏறிக்கொண்டார்கள். மிச்சம் நாலைந்து பேர் முன்னால் நின்றார்கள். முன்கொக்கியில் வடம் ஏற்கெனவே கட்டியிருந்தது.

"ஒரு காவலுக்குத்தான், கோவிச்சுக்காதீக" என்றார் சம்மாட்டி, வடத்தைக் காட்டி. டிராக்டர்காரனைக் கூப்பிடக் கையில் செல்போனும் தயாராக இருந்தது.

நான் மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலை ஆக்சிலேட்டர் பக்கமே கொண்டுபோகாமல் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டான். பிஸ்மி சொல்லிக் கிளட்சை விட்டான். எஞ்சின் ஒருமுறை குரல் தாழ்ந்தது. என் கை தானாகக் கதவுப் பிடியை இறுக்கியது. பிறகு அந்தத் தாழ்ந்த குரலிலேயே நின்று, வண்டி நகர ஆரம்பித்தது. ஈரமணல் முடிந்தது. காய்ந்த மணல் வந்தது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

முன்னால் வடம் பிடித்திருந்தவர்கள் இழுக்கக் காத்திருந்தார்கள். இழுக்க ஒன்றுமில்லை, வடம் தொய்ந்து மணலில் விழுந்தது. வண்டி தங்களை நோக்கி வருவதைப் பார்த்து அவர்கள் பின்வாங்கி நடந்தார்கள்.

"வடத்தை விடுங்கலே, சக்கரத்துல மாட்டப் போகுது!" என்று சம்மாட்டி கத்தினார். வண்டி தார்ச்சாலையில் ஏறி நின்றதும், செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வடத்தைத் தானே அவிழ்த்துச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, வலை வைக்க வள்ளத்தின் பக்கம் போனார்.